பரிசுத் தாளில் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம்

டிசம்பர் பிறந்தாலே, வாசலில் நட்சத்திரம் கட்டணும் என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். காசு கொடுத்து வாங்குவானேன்? கல்யாணம், பிறந்த நாள் பரிசுகளைச் சுற்றி வந்த வண்ணத்தாளும் ரிப்பனும் வீட்டில் சும்மாதானே கிடக்கின்றன!

2 அடி மூங்கில் குச்சிகள் 10 எடுங்கள். சிலேட்டில் கையெடுக்காமல் போடும் நட்சத்திரம் போல, ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு சட்டம் செய்யுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து முனைகளையும் நூலால் இறுக்குங்கள். குச்சிகள் நடுவில் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் 4 அங்குலத் துண்டுக் குச்சியை முட்டுக் கொடுத்தால் நட்சத்திரம் உப்பி நிற்கும். எங்கள் ஆலங்குடிப் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை. சின்ன நட்சத்திரத்துக்கு ஈர்க்கை நாலைந்தாகச் சேர்த்துக் கட்டினாலே போதும்.

வெளிச்சம் தெரியும் மெல்லிய தாளாகப் பார்த்து மைதாப் பசையால் ஒட்டுங்கள். பல்பு நுழைய ஒரு திறப்பு விடுங்கள். ரிப்பனைக் கத்தரிக்கோல் விளிம்பில் அழுத்தி இழுத்தால் சுருண்டுகொள்ளும், அதுதான் வால்!

ஒன்று மட்டும் கண்டிப்பு. உள்ளே குண்டு பல்பு கூடாது. சூட்டில் தாள் கருகித் தீப்பிடிக்கலாம். சிறிய எல்இடி பல்பு போடுங்கள், அதுவும் தாளில் படாமல். ஜிகினாத் தாளில் மின்சாரம் பாயும். ஒயர் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பும்போது மறக்காமல் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள்.