குரைக்கிற நாயும் நம் பழமொழியும்

'குரைக்கிற நாய் கடிக்காது' என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர் ஒரு ராத்திரிகூடத் தோட்டத்தில் ஜாகா வேலை பார்த்திருக்க மாட்டார். குரைக்கிற நாய் கடிக்கும். குரைக்காத நாயும் கடிக்கும். குரைக்கும்போது அதன் உடம்பின் கனம் முன்னங்கால்மேல் இருக்கிறதா, பின்னங்கால்மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்வாங்கிக்கொண்டே குரைக்கும் நாய் 'போயிடுப்பா' என்று கெஞ்சுகிறது. குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடி, அசையாமல், கண்ணின் வெள்ளை தெரிய உங்களையே பார்த்தால், நீங்கள் நகர வேண்டிய நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது.

ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். என் மாமா வாரநாளில் பால்மரம் வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை, செம்பனைக் கன்றின் குருத்தைக் கிளறித் தின்னும் காட்டுப்பன்றிகளைத் தேடி நாலு நாட்டு நாய்களோடு கிளம்பிவிடுவார். நாய் குரங்கைப் பார்த்ததா, பன்றி வாடை பிடித்ததா என்பதை அவர் தூரத்திலிருந்தே சொல்வார். குரங்கென்றால் மூக்கு மேலே போகும், ஒரே ஆர்ப்பாட்டம். பன்றியென்றால் முதலில் சத்தமே இருக்காது. மூக்கு தரையில், வால் விறைப்பாக, பிடரி மயிர் சிலிர்த்து நிற்கும். பன்றி திரும்பி நின்ற பிறகுதான் குரைப்பு. அந்த நேரத்தில் மாமா பன்றியைப் பார்க்கமாட்டார், நாயின் காதைப் பார்ப்பார். காது பின்னால் ஒட்டிக்கொண்டால் உடனே கூப்பிட்டுவிடுவார். 'அது பயந்துருச்சுடா, இனிமே விட்டா கோரைப்பல்லுல வயிறு கிழிஞ்சிரும்.' இதை அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பார்க்காவிட்டால் நாய் செத்துப்போகும், அவ்வளவுதான்.

(நாய் என்றால் நமக்கும் மலாய்க்காரருக்கும் இடையே சண்டை மட்டுமே உண்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ரெம்பாவ் மலாய்க்காரர்களின் மூதாதையர் வந்த மேற்குச் சுமத்ராவில், மினாங்கபாவ் ஆண்கள் முஸ்லிம்களாக இருந்துகொண்டே இன்றும் நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போகிறார்கள்.)

நம் தோட்டக் கதைகளில் இந்த நாய் எங்கே? லயத்து வாசலில் ஒன்று படுத்திருக்கும். நல்ல நாளில் அது நன்றிக்கு உவமை, கெட்ட நாளில் அடிமைத்தனத்துக்கு உவமை. கங்காணி துரை முன்னால் 'வாலைக் குழைத்தான்' என்று எழுதினால் ஒரு வர்க்கத்தையே விமர்சித்துவிட்டதாக எழுத்தாளருக்குத் திருப்தி. வாலை ஒருமுறையாவது பார்த்தாரா? 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால் வலப்பக்கம் அதிகம் வீசியது. முன்பின் தெரியாத, மிரட்டும் தோரணையுள்ள நாயைக் கண்டபோது இடப்பக்கம். ஆட்டுவதெல்லாம் அன்பு இல்லை. 'திருட்டு முழி' கதையும் இதே மாதிரிதான். 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்துக் காட்டினார்: தப்பு செய்த நாயும் செய்யாத நாயும், திட்டு விழுந்தால் அதே முகத்தைத்தான் வைத்துக்கொள்கின்றன. நாம் குற்றவுணர்ச்சி என்று படிப்பது நம் கோபத்துக்கு அது சொல்லும் பதில்.

இதைவிட மோசம், இப்போது தாமான்களில் காவல் நாய் பழக்கித் தருகிறேன் என்று வருபவர்கள் பேசும் 'தலைவன்' தத்துவம். நாய்க்கு நீ துரையாக இருக்கணும், இல்லாவிட்டால் அது உனக்குத் துரையாகிவிடும் என்கிறார்கள். இந்தக் கதையின் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் எழுதிய ஆய்வு. அவர் பார்த்தது பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்த ஓநாய்களை. 1970இல் தன் நூலின் வழியாக இந்தக் கருத்தைப் பரப்பிய டேவிட் மெக்கே, காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பார்த்தபின் 1999இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். அங்கே துரையும் இல்லை, கங்காணியும் இல்லை.

அடைத்து வைத்துவிட்டு, அடைபட்டவரின் நடத்தையையே அவரது இயல்பு என்று எழுதுவது நமக்குப் புதிதா என்ன? தமிழ்த் தொழிலாளி பணிவானவன், சொன்னபடி கேட்பவன் என்று வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் எழுதி வைத்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்குகிறானே, வேறென்ன சாட்சி வேண்டும்? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்பதும் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. கண்ணைத் தாழ்த்தியதைச் சம்மதம் என்று படித்தவர்களுக்கு அது அதிர்ச்சி. நாய் முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது எல்லாவற்றையும் நார்வேயின் தூரித் ருகாஸ் அமைதிச் சைகைகள் என்று தொகுத்தார். 'சண்டை வேண்டாம்' என்ற பேச்சு அது. அதைப் பணிவு என்று படித்து மேலும் நெருங்குகிறவன் கடி வாங்குகிறான்.

காவல் நாயை நாம் வைத்திருக்கும் விதத்தில் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. ஆறடிச் சங்கிலியில் கட்டிய நாயால் விலகிப் போக முடியாது. மிச்சம் இருப்பது உறுமல். உறுமினால் அடிக்கிறோம். நாலு தடவை அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், பயத்தை விடாது. அப்புறம் ஒருநாள் 'சொல்லாம கொள்ளாம கடிச்சிருச்சு' என்கிறோம். சொல்லிக்கொண்டுதான் இருந்தது, சொல்லக் கூடாது என்று பழக்கியது நாம். விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த வளர்ப்பவர் இடம் தர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். சங்கிலி நாயின் பக்கத்தில் நின்று அதை வாசித்துப் பாருங்கள்.

2024 அக்டோபரில் திரெங்கானுவின் பெசுட்டில் 'கோப்பி' என்ற தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தக் கொதிப்பிலும் நாய் ஒன்று அப்பாவி, இல்லை என்றால் பேய். பயந்த நாய், அலுத்த நாய், வலியுள்ள நாய் என்று ஒன்று நம் பேச்சில் வரவே இல்லை.

'மனுசனுக்கே நாதியில்லை, நாய்க்குக் கட்டுரையா?' என்று கேட்பார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடிழந்தவர்களின் கதை எனக்கும் தெரியும். ஆனால் சங்கிலி நாயின் பல்லுக்கு எட்டும் தூரத்தில் போகிறவர் யார்? மேனேஜர் இல்லை. குலை வெட்டும் இந்தோனேசியர், கேஸ் தோம்பு இறக்கும் பையன், உருண்டு போன பந்தை எடுக்கப் போகும் பிள்ளை. சங்கிலி எவ்வளவு தூரம் எட்டுமோ, அதற்கு ரெண்டடி தள்ளித் தரையில் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டாதே என்று பிள்ளைக்குச் சொல்லலாம். அதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும். உறுமுகிற நாயை அடிக்காமல் இருக்க அந்தச் செலவுகூட இல்லை.