பயிலும் இடத்தையும் பயில்க

பல்கலைக்கழகம் உலகிலுள்ள பொருள் அனைத்தையும் ஆராயும் இடம் என்பர். மண்ணையும் மருந்தையும் மறைந்த மன்னர்தம் சாசனங்களையும் அங்கே ஆராய்கின்றனர். ஆயினும் அங்கு மிக அருகியே ஆராயப்படும் பொருள் அப்பல்கலைக்கழகமேயாகும். அதன் வாயிலுள் யார் புகுகின்றனர், புகுந்தோர் எங்ஙனம் கற்கின்றனர், எவ்விடத்தில் இடர்ப்படுகின்றனர் என்பவற்றை அங்குப் பயிலும் மாணவரே ஆராய்ந்து எழுதுதல் வேண்டும் என்பது என் துணிபு. ஹல்துமுல்லை முதலிய தோட்டப்புறங்களிலிருந்து செல்லும் நம் மாணவருக்கு இப்பணி பெரிதும் உரியது.

இம்முயற்சிக்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்க நாட்டின் இலினாய் பல்கலைக்கழகத்தில் நான்சி ஏபெல்மன் என்னும் மானிடவியற் பேராசிரியை முதலானோர் 2000களின் தொடக்கத்தில் இதனை ஒரு நெறியாகவே தொடங்கினர். பட்டப்படிப்பு மாணவர் தம் விடுதியையும் வகுப்பறையையும் உற்றுநோக்கினர். உடன் பயில்வோரை வினவினர். கண்டவற்றையும், அவற்றைக் காணுந்தோறும் தம் எண்ணம் மாறிய வகையையும் குறித்து வைத்தனர். அக்குறிப்புக்கள் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்திற் சேர்க்கப்பட்டமையால், பின்வந்த மாணவர் அவற்றைப் படித்து மேற்செல்ல முடிந்தது.

நமக்கு இது மிகுதியும் வேண்டப்படுவது ஏன்? நம் முன்னோரைப் பற்றிய எழுத்துக்களுக்குக் குறைவில்லை. செக்றோலில் நாள்தோறும் அவர்தம் பெயரைப் பதிந்தனர். துண்டிலே கடனைக் குறித்தனர். எழுதியவர் பிறர், எழுதப்பட்டவர் நம்மவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்கும் பாட்டனின் பிறப்புக்கும் சான்று கேட்டபோது, நம்மவருள் மிகப் பலர் காட்டுதற்கு ஏடின்றி நின்றனர். 29.10.2014 அன்று ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டன. அப்பொழுது மாண்டோர் எத்தனைபேர் என்பதற்குக்கூட முதல் நாட்களில் ஒன்றோடொன்று ஒவ்வாத எண்களே வெளிவந்தன. ஏடும் எழுத்தும் நம் கையில் இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுமோ?

கல்வியிலும் இக்கதையே நிகழ்ந்தது. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை உரியவாறு பெறவில்லை. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, எழுத்தும் எண்ணும் அறிந்த அளவிலே பல தலைமுறைகள் கொழுந்துக் கூடையைத் தோளேற்றின. ஆதலால் இன்று லயத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு, அவ்விடத்தின் இயல்பை எடுத்துரைக்கும் மூத்தோர் பெரும்பாலும் வீட்டில் இலர்.

ஆராய்தற்குரிய வினாக்களோ பல. பதுளையிலேயே 2005 இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்திற்கெனத் தனிப் பட்டநெறி உண்டு. அப்பட்டத்திற்குப் பயில்வோருள் கொழுந்து பறிப்போரின் மக்கள் எத்தனைபேர்? பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய தகுதிக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை என்பது பொதுவிதி. ஆனால், மாவட்டம் என்னும் ஒரு சொல்லினுள் பதுளை நகரும் ஹல்துமுல்லையின் லயமும் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றன. அவற்றைப் பிரித்தறிய வல்லவர், உள்ளே இருந்து வினவும் மாணவரேயாவர்.

இனி, தம் கற்றலைத் தாமே பதிதல் என்னும் பகுதி. தமிழ் மொழியிற் பயின்று சென்ற மாணவன் ஆங்கில விரிவுரையை முதல் வாரத்தில் எவ்வளவு விளங்கிக்கொண்டான்? எந்த மாதத்தில் அம்மூடுபனி விலகிற்று? அதற்கு உதவியது அகராதியா, அறைத்தோழனா, ஆசிரியரா? விடுதிச் செலவுக்கு யாது செய்தான்? சிங்கள நண்பரோடு ஒருமேசையில் இருந்து உண்ணும் பழக்கம் எங்ஙனம் வந்தது? பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் தடுத்துள்ளது. அச்சட்டம் விடுதி வாயிலைத் தாண்டி உள்ளே செல்கின்றதா? இவற்றிற்குப் பாடக் குறிப்பிலே விடை இராது. நாள்தோறும் பத்து வரி எழுதுபவனின் குறிப்பேட்டில் இருக்கும்.

‘இளைஞர்க்கு இத்தகைய ஆராய்ச்சி தகுமோ? குறைகூறும் பழக்கமே வளருமன்றோ?’ எனச் சான்றோர் சிலர் வினவுவர். வினவுதல் நியாயமே. ஆராய்ச்சி என்பது குற்றப்பத்திரிகை அன்று. பிறர் கூறியதை அவர் இசைவின்றிப் பெயரோடு எழுதலாகாது. கேள்விப்பட்டதைக் கண்டதென எழுதலாகாது. நன்மையையும் தீமையையும் ஒத்த கண்ணோடு நோக்கல் வேண்டும். இந்நெறிகளைப் பயிற்றுதல் விரிவுரையாளர் கடன். அவற்றைக் கைக்கொண்ட மாணவன் வெறும் முறையீட்டோடு நில்லான், காரணத்தைத் தேடுவான். காரணம் அறிந்த நிருவாகத்திற்குத் திருத்துதலும் எளிதாகும்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரியை இதற்கென ஒதுக்குவோமாக. இங்கிருந்து எப்பல்கலைக்கழகம் சென்றவராயினும் முதலாண்டு முடிவில் தம் குறிப்பேட்டின் படி ஒன்றை அதிற் சேர்ப்பாராக. தம் பெயரை மறைக்க விரும்புவோர் மறைப்பாராக. உயர்தர வகுப்பு ஆசிரியர் அவற்றை மாணவரோடு ஆண்டுதோறும் படிப்பாராக. இதற்கு ஆகும் செலவு ஓர் அலுமாரியும் சில குறிப்பேடுகளுமே. ஹல்துமுல்லை மலையிலிருந்து அடுத்துப் புறப்படும் பிள்ளை, முன் சென்றவர் எழுதியதைப் படித்தறிந்த பின்னரே பேருந்து ஏறுதல் வேண்டும்.