முதலுருவும் வழியுருவும்

மாணவரின் அப்பியாசக் கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியர் எவரும் அவற்றின் கடைசிப் பக்கங்களையும் கண்டிருப்பர். ஆங்கே இலக்கணம் இராது. செந்நிறத் தொப்பியும் பெருமீசையும் உடைய குள்ளன் ஒருவன் துள்ளிக்கொண்டிருப்பான். அல்லது நீலநிற முள்ளெலி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். முன்னவன் மாரியோ, பின்னவன் சோனிக். இருவரும் வீடியோ விளையாட்டுக்களிற் பிறந்த பாத்திரங்கள். இவர்களைப் பார்த்தவாறே வரையும் மாணவரும் உளர். தத்தம் கைப்போக்கிற்கு இயைய மாற்றிக் காட்டூன் சித்திரமாக வரையும் மாணவரும் உளர். முன்னையோரைத் திறமைசாலிகள் என்றும், பின்னையோரை வரையத் தெரியாதவர் என்றும் தீர்ப்புக் கூறுதல் நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அத்தீர்ப்புப் பிழையானது என்பதே எமது துணிபு.

தமிழ் கற்றோர்க்கு இதனை விளக்குதல் எளிது. தொல்காப்பியர் மரபியலிலே முதனூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகையாக்கினார். படியெடுத்தலை அந்நான்கனுள் ஒன்றாக அவர் வைத்தாரல்லர். ஏட்டைப் பார்த்து ஏடெழுதுவோன் வேறு, நூலாசிரியன் வேறு என்பதில் நமக்கு ஐயமில்லை. வான்மீகியின் வழிவந்த கம்பனைப் பார்த்தெழுதத் தெரியாதவன் என்று எவரேனும் கூறுவரோ? சித்திரத்துக்கு மட்டும் வேறொரு நீதி எங்ஙனம் வந்தது?

முதலுருவை மாற்றலாகாது என்போர், அம்முதலுரு எவ்வாறு அமைந்தது என்பதை ஆராய்ந்திலர். மாரியோ 1981 இல் ‘டொங்கி கொங்’ என்னும் விளையாட்டில் முதன்முதல் தோன்றினான். அவனை ஆக்கியவர் யப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோவைச் சேர்ந்த ஷிகெரு மியமோட்டோ. அக்காலத் திரையிலே அவனுக்குக் கிடைத்த இடம் பக்கத்துக்கு 16 ஒளிப்புள்ளி கொண்ட சிறு சதுரமே. அதனுள் வாயை வரைந்து காட்டல் இயலாது. ஆகவே பெரிய மூக்கும் அதன்கீழ் மீசையும் வந்தன. துள்ளும்போது தலைமயிர் அசைவதைக் காட்டல் அரிது. ஆகவே தொப்பி வந்தது. கைவீச்சு உடலினின்றும் பிரிந்து தோன்றவேண்டும். ஆகவே சட்டைக்கு ஒரு நிறமும், தோளிலிருந்து தொங்கும் வேலையுடைக்கு மற்றொரு நிறமும் வந்தன. அன்று சட்டை நீலம், வேலையுடை சிவப்பு. இன்றோ சட்டை சிவப்பு, வேலையுடை நீலம். அவன் பெயர்தானும் அந்நாளில் ‘ஜம்ப்மான்’, தொழில் தச்சுவேலை. குழாய்வேலைக்காரன் ஆனது பின்னர்.

1980 இல் வந்த ‘பக்மான்’ இன்னும் வியப்புக்குரியது. தோரு இவத்தானி ஆக்கிய அவ்வுரு திரையிலே வாய் பிளந்த மஞ்சள் வட்டம் ஒன்றே, கண்ணுமில்லை, காலுமில்லை. ஆயின் அமெரிக்காவில் அவ்விளையாட்டு யந்திரத்தின் பெட்டிமேல் வரைந்த ஓவியர் அதற்குக் கண்ணும் வைத்தனர், காலும் வைத்தனர். இவற்றுள் எது முதலுரு? பிறந்த நாள் தொட்டே வழியுருவும் உடன்வந்தது என்பதன்றோ உண்மை!

மாரியோவின் மீசை அழகு கருதி வந்ததன்று; இடுக்கணால் வந்தது. கடதாசியும் பென்சிலும் கைக்கொண்ட மாணவனுக்கு அவ்விடுக்கண் இல்லை. அவன் வாயும் வரையலாம், மயிரும் வரையலாம். ஆயின் மீசையை நீக்கினால் மாரியோ மாரியோவாக நிற்பானா? நில்லான். நிறங்களோ இடம் மாறியும் அவன் நின்றான். எது நெருக்கடியிற் பிறந்து பின் அடையாளமாகவே நிலைத்தது, எது மாற்றத்தைப் பொறுக்கும் என ஆராய்ந்து துணிதலே வழியுருவாக்குவோனின் முதற் கடமை. பார்த்து வரைபவனுக்கு இவ்வாராய்ச்சி வேண்டியதில்லை. அதனாலேயே அவன் பயில்வதும் குறைவு.

இதிற் பிழைத்தோர்க்கு நேர்ந்ததை உலகம் கண்டது. 1991 இல் விளையாட்டாக வெளிவந்த சோனிக்கைத் திரைப்படமாக்க முற்பட்டோர், 2019 ஏப்ரல் இறுதியில் முன்னோட்டம் ஒன்றை வெளியிட்டனர். இரு கண்களும் ஒரே வெண்பரப்பில் ஒன்றியிருத்தல் சோனிக்கின் தலையாய அடையாளம். படத்தாரோ கண்களைப் பிரித்துச் சிறிதாக்கி, வாயில் மனிதப் பற்களையும் வைத்துவிட்டனர். இரசிகர் கொதித்தெழுந்தனர். 2019 நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பெப்ரவரிக்குப் பிற்போடப்பட்டது. உருவைத் திருத்தியமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் யார்? டைசன் ஹெஸ் என்பவர். சோனிக் சித்திரக் கதைகளை வரைந்த காட்டூன் ஓவியர். பெரும்பொருள் செலவிட்டோர் தவறவிட்டதை, அவ்வுருவைப் பன்முறை தம் கையால் வரைந்து பழகியவர் அறிந்திருந்தார்.

இதனால் எக்கோணலும் பாணியாகும் என்று கொள்ளற்க. மாரியோவுக்கும் சோனிக்குக்கும் வேறு யாருக்கும் ஒரே முகத்தை ஒட்டிவிட்டு ‘இது என் பாணி’ என்பாரையும் யாம் அறிவோம். அது பாணியன்று, வறுமை. வரைந்த உருவின் புறக்கோட்டினுள் முழுவதும் கருமை பூசிப் பார்க்க. அப்போதும் இன்னான் என அறியக்கூடுமாயின் வரைந்தவன் கற்றிருக்கிறான். கூடாதாயின் மீண்டும் முதலுருவிடம் செல்லவேண்டும்.

சில ஆண்டுகளின் முன் ஒரு பாடசாலைக் கண்காட்சியில் இரு மாரியோக்கள் அருகருகே தொங்கின. ஒன்று ஒளிபுகும் தாளை வைத்து ஒற்றியெடுத்தது, கோடு பிசகவில்லை. மற்றையதில் தொப்பி கண்வரை சரிந்திருந்தது. மீசை இருபுறமும் சிறகென விரிந்திருந்தது. உடலோ நாலைந்து கோடுகளே. நரைத்துத் தளர்ந்த மாரியோ! தாயின் கைப்பிடித்து வந்த சிறு குழந்தை அதனைக் கண்டதும் பெயர் சொல்லிச் சிரித்தது. நடுவர்களோ ‘மாரியோவைப் போல இல்லை’ என்றெழுதி அதனைத் தள்ளி, ஒற்றியெடுத்ததற்குப் பரிசளித்தனர். அடுத்த தவணையில் அம்மாணவனும் ஒளிபுகும் தாள் வாங்கிவிட்டான். பரிசும் பெற்றான் என்று கேள்வி.

முதலுருவை ஆக்கியோன் பெயரைப் படத்தின்கீழ் எழுதுதல் வழிநூலாசிரியனுக்குரிய மரியாதை. அதனை மாணவர்க்குப் பழக்கவேண்டும். விலைக்கு விற்பதாயின் உரிமையாளரின் இசைவும் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உருமாற்றும் உரிமையையும் காத்து நிற்கின்றது. பயிற்சிக்காகக் கொப்பியில் வரையும் பிள்ளையை இது காட்டி அச்சுறுத்தல் தகாது.

அடுத்த கண்காட்சிக்குப் படம் கோரும் சித்திர ஆசிரியர்கள், முதலுருவின் சிறுபடம் ஒன்றையும் அருகில் ஒட்டும்படி பணிப்பாராக. எதனை மாற்றினான், எதனை வைத்துக்கொண்டான் என்பது அப்போது பார்ப்போர்க்குப் புலனாகும். நடுவரும் ‘போல இல்லை’ என்னும் இரு சொல்லோடு எழுந்து போதல் இயலாது.