ஒற்றும் நூலும்

மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள. அரசாணையையும் கொடையையும் எவரும் காணக் கல்லில் வெட்டுதல் அற்றைநாள் வழக்கம். இன்றோ நிலைமை தலைகீழ். அவ்வூர்த் தெருவில் இரவில் கைப்பேசியில் கட்டுரை படிக்கும் மாணவனின் படிப்பும் பேச்சும் அரசு விரும்பின் அறியத்தக்கன. அவனைக் கண்காணிக்கும் ஆணையோ அவனுக்கே அறிவிக்கப்படாதது!

ஒற்று அரசுக்கு வேண்டாததன்று. திருக்குறளின் 59-ஆம் அதிகாரமே ஒற்றாடல்தான். ஆயின் அதன் முதற்குறள் ஒற்றனையும் நூலையும் சேர்த்தே அரசனின் இரு கண்களாக வைக்கின்றது. ஒற்றப்பட வேண்டியோர் யாவர்? அரசவினை செய்வோர், அரசனின் சுற்றத்தார், பகைவர் என்பதே வள்ளுவர் விடை. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்றும் அவர் வரையறுத்தார்.

வெள்ளையர் 1885-இல் இயற்றிய தந்திச் சட்டம், பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ கருதிச் செய்திகளை இடைமறிக்க அரசுக்கு இசைவளித்தது. விடுதலைக்குப் பின்னும் அதுவே ஆண்டது. 1996-இல் உச்சநயன்மன்றம் அதற்கு வேலியிட்டது: உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும், அவ்வாணையை ஆய்வுக்குழு இரு திங்களுக்குள் ஆராய வேண்டும். 2017-இல் நடுவர் ஒன்பதின்மர், தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்.

வேலி ஏட்டில் இருந்தால் போதுமா? 2011-இல் கையூட்டு வழக்கொன்றில் சென்னைத் தொழில் நிறுவனத்தார் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க ஒன்றிய உள்துறை ஆணையிட்டது. பொது நெருக்கடியும் இல்லை; பொதுமக்கள் பாதுகாப்புக்கு இடரும் இல்லை; கேட்டவை ஆய்வுக்குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை. 2025 சூலை 2-இல் சென்னை உயர்நயன்மன்றம் அவ்வாணையை நீக்கியது. வழக்காட வலிமை உடையவர்க்கே பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஏழை மாணவனுக்கு எத்தனை ஆண்டுகளோ? தந்திச் சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் அவ்வல்லமையைக் கைவிடவில்லை. நடுவரின் முன்னிசைவையும் கேட்கவில்லை.

கண்காணிப்பால் முதலிற் கெடுவது அறிவுழைப்பு. அமெரிக்க அரசின் ஒட்டுக்கேட்பை எட்வர்டு சுனோடன் 2013-இல் வெளிப்படுத்தியபின், விக்கிப்பீடியாவில் வன்முறையியக்கங்கள் குறித்த கட்டுரைகளைப் படிப்போர் தொகை குறைந்தது என 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. குற்றமற்றோரும் படிக்க அஞ்சினர்! படிக்க அஞ்சுவோன் எழுதவும் அஞ்சுவான். வலைப்பூவில் ஒரு வரி எழுதப் பத்துமுறை அழிப்பான். அஞ்சும் கையில் ஆராய்ச்சி வளராது; ஆராய்ச்சி வளராத மொழியும் வளராது.

எனவே, நடுவரின் முன்னிசைவின்றி எவர் பேச்சும் ஒட்டுக்கேட்கப்படலாகாது. ஒட்டுக்கேட்கப்பட்டவர்க்கு, உசாவல் முடிந்த பின்னரேனும் அஃது அறிவிக்கப்படல் வேண்டும். ஆணைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் மக்கள் மன்றத்தின் முன் வைக்கப்படல் வேண்டும். ஒற்றுக்கண்ணை விழித்து நூற்கண்ணை மூடிய அரசு ஒற்றைக்கண் அரசு. மூடிய கண்ணைத் திறக்கச் செய்வது குடிமக்கள் கடன். அச்சமின்றிப் படிப்பதும் எழுதுவதும் அக்கடனின் முதற்படி.