பதின்மூன்று வயதுவரை எல்லாரும் ஆட வேண்டும்: சிறுவர் கிரிக்கெட்டில் ஆடும் வாய்ப்பு பற்றி எங்கள் நிலைப்பாடு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள், ஞாயிற்றுக்கிழமை மேட்ச் நடத்துபவர்கள், பெற்றோர் ஆகியோர் சேர்ந்து வெளியிடும் அறிக்கை இது. அணியில் பெயர் இருந்தும் ஆட வாய்ப்பே கிடைக்காத பிள்ளைகளைப் பற்றிய பேச்சு ஒவ்வொரு தொடரிலும் எழுகிறது. தொடர் முடிந்ததும் அடங்கிவிடுகிறது. இனி அது விதியாக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

நிலைப்பாட்டின் சுருக்கம்

11 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் எல்லாரும் பேட் பிடிக்க வேண்டும், எல்லாரும் பந்து வீச வேண்டும். 13 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தபட்ச வாய்ப்பை விதியே உறுதி செய்ய வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டோரில் திறமைதான் அளவுகோல். ஆனால் அணிக்கு வெளியே நிற்பவருக்கும் ஆட ஒரு மேட்ச் இருக்க வேண்டும்.

ஸ்கோர் ஷீட் காட்டுவது

எங்கள் பகுதியில் எந்த ஞாயிறும் பார்க்கக்கூடிய ஒரு ஸ்கோர் ஷீட்டை எடுத்துக்கொள்வோம். 13 வயதுக்கு உட்பட்டோர், 25 ஓவர், மேட்டிங் விக்கெட். முதலில் இறங்கிய இருவரே பதினெட்டு ஓவர் ஆடிவிடுகிறார்கள். பந்துவீச்சில் ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து ஓவர் போட்டு 25-ஐ முடித்துவிடுகிறார்கள். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது பெயர்களுக்கு எதிரே ‘பேட் செய்யவில்லை’ என்று இருக்கிறது. பந்துவீச்சுப் பகுதியில் அந்தப் பெயர்களே இல்லை. அந்த மூன்று பேரும் விடியற்காலையில் எழுந்து, பட்டாபிராமிலிருந்தோ திருவேற்காட்டிலிருந்தோ கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவர்கள். மேட்ச் ஃபீஸ் எல்லாரையும் போலத்தான் கட்டியிருக்கிறார்கள். ஃபைன் லெக்கிலும் தேர்ட் மேனிலும் நின்றுவிட்டு வீடு திரும்புகிறார்கள். அடுத்த ஞாயிறும் அதே அணி, அதே வரிசை.

இப்படி இரண்டு சீசன் போனால் அந்தப் பிள்ளை வருவதை நிறுத்திவிடுகிறது. ‘பத்தாவது வந்துவிட்டது, படிப்பு முக்கியம்’ என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் ஆட்டத்தின் மீதிருந்த ஆசை அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. இது எங்களுக்கு வேதனை தருகிறது.

ஏன் இந்த நிலைப்பாடு

பன்னிரண்டு வயதில் யார் நல்ல ஆட்டக்காரர் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வயதுப் பிரிவு செப்டம்பர் 1-ஐ வைத்துக் கணக்கிடப்படும்போது, செப்டம்பரில் பிறந்தவரும் மறு ஆகஸ்டில் பிறந்தவரும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். அந்த வயதில் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம் உயரத்திலும் தோள் பலத்திலும் அப்படியே தெரியும். வளர்ந்த பையனுக்கு ஓவர் கிடைக்கிறது. ஓவர் கிடைப்பதால் அவன் தேறுகிறான். அவன் தேறுவதைப் பார்த்து நம் தேர்வு சரிதான் என்று நினைத்துக்கொள்கிறோம். மற்றவனுக்கு அந்த ஓவர்களைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாமலே போகிறது.

நம் மாநில ஆட்டக்காரர்களையே பாருங்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் 537 விக்கெட் எடுத்த ரவிச்சந்திரன் அஸ்வின், சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர். வருண் சக்ரவர்த்தி பதினேழு வயதுவரை விக்கெட் கீப்பர். வயதுப் பிரிவு அணிகளில் இடம் கிடைக்காமல் ஆட்டத்தை விட்டுவிட்டு, கட்டடக்கலை படிக்கப் போனார். பின்னாளில் கிளப் கிரிக்கெட்டுக்கு வேகப்பந்து வீச்சாளராகத் திரும்பி, முழங்கால் காயத்துக்குப் பிறகு சுழலுக்கு மாறினார். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக அவர் ஐந்து விக்கெட் எடுத்ததை நாடே பார்த்தது. அவர் திரும்பி வந்தார். திரும்பி வராதவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

எங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு காரணமும் உண்டு. இங்கே மைதானம் குறைவு. இருப்பவற்றில் பல தொழிற்சாலை, பாதுகாப்புத் துறை நிறுவனங்கள், பள்ளி, கல்லூரி வளாகங்களுக்குள் இருப்பவை. அனுமதி கிடைத்தால்தான் ஆட்டம். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. ‘கிடைப்பதே சில மேட்ச்தான், அதையாவது ஜெயிக்க வேண்டாமா’ என்று பயிற்சியாளர்கள் கேட்கிறார்கள். கிடைப்பது சில மேட்ச்தான் என்பதாலேயே அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் பதில்.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவில் 1939-இல் தொடங்கிய சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக், வழக்கமான சீசனில் ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது பேட் செய்ய வேண்டும், எதிரணியின் ஆறு அவுட் விழும்வரையாவது களத்தில் நிற்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அதே அமைப்புதான் உலகமே பார்க்கும் சிறுவர் உலகத் தொடரையும் நடத்துகிறது. நார்வேயில் பிள்ளைகளுக்குப் பதினொரு வயது ஆகும்வரை புள்ளிப் பட்டியலே கிடையாது. பதின்மூன்றுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. ஆனாலும் குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கப் பட்டியலின் உச்சியில் நிற்கும் நாடு அது. எல்லாப் பிள்ளைகளையும் ஆடவிட்டால் போட்டியின் தரம் குறைந்துவிடும் என்ற பயத்துக்கு இவை போதிய பதில்.

நாங்கள் ஏற்கும் விதிகள்

1. 11 வயதுக்கு உட்பட்டோர்: அணிக்கு எட்டுப் பேர், 16 ஓவர். இங்கிலாந்துச் சிறுவர் கிரிக்கெட்டில் உள்ளதுபோல ஜோடி ஜோடியாக ஆட்டம். ஒவ்வொரு ஜோடிக்கும் நான்கு ஓவர். அவுட்டானால் ஐந்து ரன் குறையும், ஆட்டம் தொடரும். எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர் வீச வேண்டும். கீப்பர் இடம் சுழற்சியில் மாறும்.

2. 13 வயதுக்கு உட்பட்டோர்: 25 ஓவர் ஆட்டத்தில் யாருக்கும் மூன்று ஓவருக்கு மேல் இல்லை, ஆக, ஒன்பது பேராவது பந்து வீசியாக வேண்டும். 30 பந்து ஆடியவர் வெளியேறி, மற்றவர்கள் எல்லாரும் ஆடி முடித்தபின் மீண்டும் வரலாம். ஒரு மேட்சில் பேட்டும் பந்தும் கிடைக்காதவர் அடுத்த மேட்சில் முதல் நான்கு இடங்களுக்குள் இறங்க வேண்டும். யாரையும் தொடர்ந்து இரண்டு மேட்ச் வெளியே உட்கார வைக்கக் கூடாது. அரையிறுதியிலும் இறுதியிலும் பேட்டிங் வரிசை பயிற்சியாளர் விருப்பம். ஓவர் வரம்பு அப்போதும் மாறாது.

3. 16 வயதுக்கு உட்பட்டோர்: விஜய் மெர்ச்சன்ட் கோப்பைக்கான தேர்வை எதிர்நோக்கும் வயது இது, போட்டி உண்மையாக இருக்க வேண்டும். சேர்க்கப்படாத பிள்ளையிடம் பயிற்சியாளர் நேரில் காரணம் சொல்ல வேண்டும். இரண்டாம் அணிக்கும் மேட்ச் ஏற்பாடு செய்ய வேண்டும்.

4. பையன்களோடு சேர்ந்து ஆடும் பெண் பிள்ளைகளுக்கும் இவை அனைத்தும் அப்படியே பொருந்தும்.

5. காரணமின்றிப் பயிற்சிக்கு வராதவருக்கு இந்த உறுதி இல்லை. உடல்நலக் குறைவும் தேர்வும் காரணங்களே. கூடுதல் பணம் கொடுத்து ஓப்பனிங் இடம் வாங்குவது எந்தப் பிரிவிலும் ஏற்கப்படாது.

எதிர்க்கருத்துகளுக்கு

‘நன்றாக ஆடும் பிள்ளைக்கு இது அநியாயம் இல்லையா?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முப்பது பந்தும் மூன்று ஓவரும் போதாத பிள்ளையை மேல் வயதுப் பிரிவில் ஆட வைப்போம். தன்னைவிட வலுவானவர்களை எதிர்த்து ஆடும்போதுதான் அந்தத் திறமை வளரும். மூன்று ஓவர் வரம்பு வளரும் முதுகையும் தோளையும் காக்கவும் செய்யும்.

‘தோற்கப் பழகிவிடுவார்கள்’ என்றும் சொல்கிறார்கள். ஜெயிக்க ஆடுவதை நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை. ஸ்கோர் எழுதுவோம், கோப்பை கொடுப்போம். எட்டாவது ஆளையும் ஜெயிக்க வைக்கும் அளவுக்குத் தயார் செய்வதுதான் பயிற்சியாளரின் வேலை என்று சொல்கிறோம்.

வேண்டுகோள்

தொடர் நடத்துபவர்கள் நுழைவு அறிவிப்பிலேயே இந்த விதிகளை அச்சிட வேண்டும். பெற்றோர் எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து குரல் கொடுப்பதை விட்டு, ஓவர் கணக்கு எழுத முன்வர வேண்டும். சென்னை, ஆவடி மாநகராட்சிகளும் பூந்தமல்லி நகராட்சியும் ஞாயிறு காலைகளில் சிறுவர் ஆட்டங்களுக்கென விளையாட்டுத் திடல்களை ஒதுக்க வேண்டும்.

வரும் கோடை விடுமுறைத் தொடர்களிலிருந்து எங்கள் ஆட்டங்கள் அனைத்தும் இந்த விதிகளின்படியே நடக்கும். ஒவ்வொரு தொடர் முடிந்ததும் எந்தப் பிள்ளைக்கு எத்தனை பந்து, எத்தனை ஓவர் கிடைத்தது என்ற பட்டியலைப் பெற்றோர் முன் வைப்போம். இதை ஏற்காத தொடர்களுக்கு, பரிசுத்தொகை எவ்வளவு என்றாலும், 13 வயதுக்கு உட்பட்ட எங்கள் அணிகளை அனுப்ப மாட்டோம்.