பிடிப்பவனும் பிடிபடுகிறான்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கூட்டாகக் கதை வளர்க்கும் ஆட்டங்களில் வாளெடுப்பவர்கள் அதிகம். மந்திரம் கற்பவர்கள் அதனினும் அதிகம். வெறுங்கையுடன் களம்புகும் மல்லனைத் தேர்பவர்கள் அரிதினும் அரிது. மாமல்லன் என்ற பட்டப்பெயரை ஒரு துறைமுக நகருக்கே சூட்டிய மொழியினர் நாம். நமக்கு இந்தப் பாராமுகம் பொருந்தவில்லை என்பதே எங்கள் கருத்து.

குற்றம் முழுவதும் ஆடுவோருடையது அல்ல. 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு மூத்தது. 2000இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் ஒருவனைக் கட்டிப்பிடிக்க வேண்டுமென்றால், முதலில் அவனுக்கு ஓர் இலவச அடி. பின்பு அவனைத் தொட ஒரு பகடை. பின்பு வலுவை ஒப்பிட இன்னொரு பகடை. அதன்பின் அவன் நிற்கும் கட்டத்துக்குள் நுழைதல். விதிப்புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் மல்லுக்கட்டும் ஆசையே வடிந்துவிடும். 2014இன் ஐந்தாம் பதிப்பு இதை ஒரே போட்டியாகச் சுருக்கியது. பிடிப்பவனின் உடல்வலுப் பயிற்சி ஒருபுறம். பிடிபடுபவனின் வலுவோ லாகவமோ மறுபுறம். தோற்றவனின் நகர்வு சுழியமாகிறது. அவ்வளவுதான்.

இந்தச் சுழியத்தில்தான் மல்லனின் சூட்சுமம் இருக்கிறது. பிடித்தவனைக் கீழே தள்ளிவிட்டால் அவன் எழுந்திருக்கத் தன் நகர்வில் பாதியைச் செலவிட வேண்டும். நகர்வே இல்லாதவன் எப்படி எழுவான்? வீழ்ந்து கிடப்பவனை அருகிருந்து தாக்கும் தோழர்கள் ஒவ்வொருவரும் இரு பகடைகளை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே வலுவும் உடற்பயிற்சித் தேர்ச்சியும் முதலில், மற்றவை பிறகு. 2014 விதிகளில் ஆடுவோர் ‘டேவர்ன் பிராலர்’ என்ற சாராயக்கடைச் சண்டைக்காரனின் திறனையும் கொள்ளலாம். முஷ்டியாலோ முக்காலியாலோ ஓர் அடி விழுந்ததும் அதே முறையிலேயே பிடிக்கவும் முயல அது இடமளிக்கிறது.

இதுவரை எவரும் ஒப்புவர். எங்கள் வழக்கு ‘கிராப்ளர்’ என்ற திறனைப் பற்றியது. 2014இல் அதன் ஒரு பகுதி, பிடித்தவனை அசையவிடாமல் இறுக்க வழிசெய்தது. ஆனால் இறுக்குபவனும் அவனோடு சேர்ந்து கட்டுண்டான். லாபமில்லாத பேரம் என்று அனுபவசாலிகள் அதை ஒதுக்கினர். 2024இல் திருத்தப்பட்ட விதிகள் அப்பகுதியை நீக்கிவிட்டு, ஒரே வீச்சில் அடிக்கவும் பிடிக்கவும், வேகம் குறையாமல் இழுத்துச் செல்லவும் வகைசெய்தன. ஆட்டம் விரைவானது. மற்போரின் உண்மை ஒன்று அதில் தொலைந்துபோனது.

புறநானூற்றின் 80ஆம் பாடலைப் பாருங்கள். ஆமூர் மல்லனோடு பொருதும் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றது அவன் முயற்சியைத் தடுத்து முதுகில் வளைகிறது. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல் மல்லன் இருபுறமும் முறிகிறான். வென்றவனின் இரு கால்களுமே பிடியில் செலவாகிவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். புலவரின் ஏக்கமோ வேறு: மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் தந்தை தித்தன் இதைக் காண வேண்டும்! மல்லனைக் கடந்த வீரனும் தந்தையின் பிணக்கைக் கடக்கவில்லை. அதே வீரனை நக்கண்ணையார் காதலித்துப் பாடுகிறார். தாய்க்கு அஞ்சி, அவைக்கு நாணி, அந்தத் தோள்களைத் தழுவ இயலாமல் தவிக்கிறார்.

தழுவுதல் என்ற சொல்லையே காளைக்கும் வைத்தோம். மேசை விதிப்படி தன்னைவிட ஒரு படி பெரிய உடல் வரை மனிதன் பிடிக்கலாம்; காளை அதற்குள் அடங்கும். மதுரை வட்டாரத்து வாடிவாசலில் கொம்பையோ வாலையோ பற்றக்கூடாது, திமில் மட்டுமே. குறித்த தூரமோ மூன்று துள்ளல்களோ தாங்கினால் வெற்றி. பிடித்திருக்கும் அந்த நேரமெல்லாம் ஆபத்தில் இருப்பவன் பிடித்தவனே.

காந்தி நிகேதன் ஆசிரமம் 1940 முதல் இருக்கும், ஜே.சி. குமரப்பா கடைசி ஆண்டுகளைக் கழித்த டி. கல்லுப்பட்டியிலிருந்து சண்டைத் திறன்களைப் பற்றி எழுதுவது சிலருக்கு முரணாகப் படலாம். எங்களுக்கு அப்படிப் படவில்லை. இயற்கையின் பொருளாதாரங்களைப் படிப்படியாக வகுத்த குமரப்பா, ஆட்டைக் கொன்று தின்னும் புலியைக் கீழ்ப்படியில் நிறுத்தினார். வாள் விழுந்த கணத்தில் கதையில் ஒருவன் தீர்ந்துபோகிறான். பிடி விழுந்த கணத்திலோ கேள்வி பிறக்கிறது: இனி இவனை என்ன செய்வது? கட்டுவதா, விடுவதா, பேசுவதா? பிடிபட்டவனுக்கு வாயிருக்கிறது; பிடித்தவனுக்குக் கை ஓய்வில்லை. நல்ல கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே புதிய விதிகளில் ஆடும் நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. நீக்கப்பட்ட அந்த இறுக்குப்பிடியை உங்கள் மேசையின் சொந்த விதியாக மீட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் அது நஷ்டமாகவே இருக்கட்டும். எதிரியின் முகத்தை அத்தனை அருகில் பார்க்கும் வாய்ப்பை வேறெந்தத் திறனும் உங்கள் பாத்திரத்துக்குத் தராது.