கணக்கேட்டுக்கு ஒரு காவல்

 

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளவும், சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளவும் அது பணிக்கின்றது. தொகை சிறிதென்று அலட்சியம் செய்யவும் இடம் தரவில்லை.

அன்று பேரேட்டில் எழுதி இரும்புப் பெட்டியில் பூட்டிய கணக்கு, இன்று கடைக் கணினியில் இருக்கின்றது. அதற்கு என்ன பூட்டு இட்டிருக்கின்றோம்?

டென்மார்க்கைச் சேர்ந்த மேர்ஸ்க், உலகின் மாபெரும் கப்பல் நிறுவனங்களுள் ஒன்று. 2017 ஜூன் 27 அன்று அதன் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன. உக்ரைன் வணிகர்கள் வரிக்கணக்குக்குப் பயன்படுத்திய மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்போடு கலந்து வந்த 'நாட்பெட்யா' என்னும் நச்சு நிரலே காரணம். அது பணம் கேட்டது. ஆனால் பணம் கட்டினாலும் அழிந்தவை மீளா வண்ணம் அமைந்திருந்தது. துறைமுக வாயில்களில் லாரிகள் தேங்கின. நட்டம் 25 முதல் 30 கோடி டாலர் என நிறுவனமே கணித்தது.

யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் அந்நிறுவனத்தின் தலைமைப் பதிவேடு, ஏறத்தாழ 150 சர்வர் கணினிகளில் நகலாக இருந்தது. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே வலையில் இணைந்திருந்தமையால் அனைத்தும் அழிந்தன. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம் என்ன தெரியுமா? அந்நேரத்தில் அங்கு மின்சாரம் இல்லை! அந்த ஹார்ட் டிஸ்க், நைஜீரியாவில் கைமாறி, விமானத்தில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பத்து நாட்களில் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் புதிதாக நிறுவப்பட்டன.

இதில் நமக்குள்ள படிப்பினை, நகல்களின் எண்ணிக்கை காவல் ஆகாது. இணைப்பிலிருந்து பிரிந்து நிற்கும் நகலே காவல் என்பதாகும். மேர்ஸ்க்குக்கு மின்வெட்டு அளித்ததை, நாம் திட்டமிட்டே செய்துகொள்ளலாம். கடை அடைக்குமுன் கணக்கை ஒரு தனி டிஸ்க்கில் பதிந்து, கணினியிலிருந்து கழற்றி, வேறிடத்தில் வையுங்கள். ஒரே டிஸ்க்கை நம்பாமல், இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை திறந்து, கணக்கு சரியாக வருகின்றதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணப்பை போன்றது. செலவு சொற்பம், உழைப்பு சில நிமிடங்கள்.

"போனால் என் நட்டம்தானே" என்று கருதிவிடாதீர்கள். நமக்கு வரவேண்டியது மட்டுமா அந்தக் கணக்கில் இருக்கின்றது? சரக்குக் கொடுத்தவருக்குச் சேரவேண்டிய பாக்கி, வேலையாளின் கூலி, கூட்டாளியின் பங்கு, ஏழைகளின் ஜகாத் எல்லாம் அதில்தான் உள்ளன. நாளை நாம் இல்லாதபோது, நம் கடனைத் தீர்க்க நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவதும் அதுவே. அது பிறருடைய ஹக்கு. நம் கையிலுள்ள அமானிதம்.

அமானிதங்களைப் பேணி ஒப்படைப்போராக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.